பெயர் வெட்டிய தட்டு

எங்கள் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அதில் விசேஷம். நாற்காலி கிடையாது, கட்டில் கிடையாது, டிவி கிடையாது. இரண்டு பாய், மாடத்தில் மாதா சுரூபம், சுவரில் ஒரு காலண்டர், அடுப்படியில் நாலைந்து பாத்திரம். புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியாருக்கு இந்த வீட்டின்மேல் அப்படி ஒரு பெருமை. ஓசூரிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகிற அவருடைய சிநேகிதர்களைக்கூட மாரண்டஹள்ளியில் இறக்கி, எங்கள் வீட்டைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார். வருகிறவர்கள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோர் குடித்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இப்படி வாழத் தங்களுக்கும் ஆசைதான் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கத்துக்கு நடுவே, நம் பங்கிலேயே உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்ட ஒரு குடும்பம் உண்டு என்று அவர் சொன்னார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலை நிமிரவில்லை. அதையும் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வந்தது கோபம். எழுந்து நின்று, சாமி, போதும் நிறுத்துங்க என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. அறுபது வயதில் அந்தத் தைரியமும் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே என் மனைவி அவள் கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். தக்காளி நன்றாகப் போன வருடம் ஒரு குடம். பட்டுக்கூடு நல்லபடியாக வந்தால் ஒரு அண்டா. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் வந்தால் ஒரு கிண்ணமாவது. எதை வாங்கினாலும் பாலக்கோட்டுக் கடையில் கொடுத்து, மெஷினால் மகள் பெயரை வெட்டி வாங்கி வருவாள். தட்டென்றால் நடுவில், குடமென்றால் கழுத்தில். சின்னக் கரண்டியில்கூட வெட்டச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டை பிடித்திருக்கிறாள். எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றி, சாக்குகளில் போட்டு, வாயைத் தைத்துப் பரண்மேல் அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு தவக்காலத்திலும், குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம், சாக்குகளை இறக்கிப் பிரித்து, புளி போட்டு விளக்கி, வெயிலில் காயவைத்து, புதுப் பேப்பரில் சுற்றித் திரும்ப மேலே ஏற்றுவாள். ஊரே சிலுவைப்பாதைக்குப் போயிருக்கும். இவள் வாசலில் பாத்திரத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். உனக்கு இதுதான் தவமா என்று நான் கிண்டல் செய்வேன். ஆமாங்க என்பாள்.

மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது, மடத்துக்குப் போகப்போகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பெண் சிஸ்டரானால் அந்த வீட்டுக்கே ஒரு மரியாதை வந்துவிடும். என் மனைவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், அவளுக்குப் புடிச்சிருந்தா போகட்டும் என்றாள். மடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. இரண்டு வெள்ளைப் புடவை, ஒரு போர்வை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று. பரண்மேல் தட்டு அடுக்கிக் கிடக்க, இவள் பாலக்கோட்டுக்குப் போய் புதுத் தட்டு ஒன்று வாங்கி வந்தாள். பெயர் வெட்டாத தட்டு. எதற்கு வீண் செலவு என்று கேட்டேன்.

"பேரு வெட்டுனதெல்லாம் வூட்டுலயே இருக்கட்டுங்க."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

நான்கு வருடம் கழித்து மகள் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவறச் சத்தியம், கொடுத்தாள். மெழுகுவர்த்தியோடு அவள் பீடத்துக்கு முன்னால் நடந்து போனதைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். என் மனைவி அழவில்லை, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தவக்காலத்தில் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் நடந்தது. வெளியூர்ச் சாமியார் ஒருவர், வீடு நிறைய சாமான் வைத்திருப்பவன் கடவுளுக்கு எங்கே இடம் வைத்திருக்கிறான் என்று கேட்டார். எனக்கென்றே கேட்டதுபோல் இருந்தது. மகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அப்பன் மெத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறான். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் செய்யலாங்க என்றாள்.

கட்டில் போனது. டிவி போனது. கண்ணாடி அலமாரியும் அதற்குள் இருந்த பொம்மைகளும் போயின. ஆறு பிளாஸ்டிக் நாற்காலியையும் அங்கன்வாடிக்குக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சில மாதங்கள் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். பொய்யில்லை. டிவி போன இடத்தில் பேச்சு வந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே ஜெபமாலை சொல்லுவோம். நடுவில் அவளுக்கு ஏதாவது ஞாபகம் வந்து சிரிப்பாள், எண்ணிக்கை விட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்போம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் நாற்காலியில் விறைப்பாக உட்காராமல் தரையில் காலை நீட்டிப் பேசினார்கள். பத்துக் குடும்பம் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு எங்கள் வீட்டில்தான் இடம் அதிகம் என்று எல்லோரும் இங்கேயே வந்தார்கள். குறைந்த சாமான் இருக்கிற வீட்டில் ஆள் பெரிதாகத் தெரிகிறான். கடவுள்கூடக் கொஞ்சம் பக்கத்தில் வந்ததுபோல் இருந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கொடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. ஒவ்வொரு சாமான் போகும்போதும் ஊர் பார்க்கிறது. பார்க்கிறது என்று தெரிந்ததும் அடுத்த சாமானைத் தேட ஆரம்பித்தேன். வீட்டில் மிச்சமிருந்தது பரண்.

எங்கள் தோட்டத்தில் மல்பெரித் தழை அறுக்க வரும் அம்மாள் ஒருவர் உண்டு. விதவை, இந்துக் குடும்பம், எங்களோடு பல வருடப் பழக்கம். அவருடைய மகளுக்குக் கம்பைநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. சீர்ப் பாத்திரத்துக்கு வழியில்லை என்று வரப்பில் உட்கார்ந்து அழுதார். அந்த வாரம் என் மனைவி பென்னாகரத்தில், ஆபரேஷன் செய்துகொண்ட அக்காவுக்குத் துணையாக இருந்தாள். எனக்கு உடனே பரண் ஞாபகம் வந்தது. மகள் மடத்திலிருக்கிறாள், இந்தப் பாத்திரங்களுக்குக் கல்யாணம் ஏது? இன்னும் பரண்மேல் வைத்திருந்தால் அது கடவுளை நம்பாததுதானே?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாச் சாக்கையும் கோயில் முன்னால் கொண்டுவந்து பிரித்தேன். வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். கோயில் முன்னால் கொடுத்தேன். வெயிலில் அத்தனையும் பளபளத்தது. அப்போதிருந்த சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள். அந்த அம்மாள் மட்டும் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்காவுக்குத் தெரியுங்களாண்ணா?"

தெரியும் என்றேன். டெம்போவில் ஏற்றி அனுப்பினேன்.

என் மனைவி நான்கு நாள் கழித்து வந்தாள். பையை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணாந்து பரணைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். நல்ல காரியம் செய்தவன் குரலில்தான் சொன்னேன்.

"அவ கடைசி வார்த்தைப்பாடு குடுக்க இன்னும் அஞ்சு வருசம் கெடக்குதுங்களே" என்றாள்.

எங்கள் ஜனத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான் இது. முதல் வார்த்தைப்பாடு முடிவானதல்ல. வருடா வருடம் புதுப்பிப்பார்கள். நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை, வேண்டாம் என்றால் வீட்டுக்கு வரலாம், மடமே வழியனுப்பும். அந்த வருடங்களை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் அவளுக்குச் சொன்ன பதில், உனக்கு விசுவாசம் பத்தாது என்பது. முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவளிடம், பயணக் களைப்போடு நின்றவளிடம், அதைச் சொன்னேன். அவள் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கொடுக்க ஆரம்பித்தது அவள். மிக்ஸியைக் கொடுத்தாள். பட்டுப் புடவை இரண்டையும் கொடுத்தாள். வீட்டில் புழங்கிய தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசியில் தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு என்று நிறுத்தினாள். ஊர் அவளை என்னைவிடப் புகழ்ந்தது. நானும் பூரித்துப் போனேன், என் வழிக்கு வந்துவிட்டாள் என்று. அவள் என் கண்ணெதிரே வீட்டை உரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்கு உறைக்க வருடங்கள் ஆயின. ஜெபமாலை தொடர்ந்து சொன்னோம். எண்ணிக்கை ஒருநாளும் விட்டுப்போகவில்லை.

மகள் வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் வேலை செய்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை, இன்னொரு சிஸ்டரோடு, அரை நாள் வந்து போனாள். அவள் வருவதற்கு முந்தின நாள் தோட்டத்திலிருந்து வந்தபோது, பரண்மேல் சாக்குகள் பழையபடி அடுக்கியிருந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏறித் தொட்டுப் பார்த்தேன். உள்ளே தேங்காய் மட்டை. வாயைக்கூடப் பழைய மாதிரியே தைத்திருந்தாள். இறங்கி வந்து அவளைப் பார்த்தேன், அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மறுநாள் விருந்தாளிகள் இரண்டு பேருக்கும் வாழையிலையில் பரிமாறினோம். மகள் ஒரு தடவை மேலே பார்த்துச் சிரித்தாள். சாக்குகளை அதற்குப் பிறகு என் மனைவி இறக்கவே இல்லை.

முதல் வார்த்தைப்பாடு கொடுத்த நான்காம் வருடம், ஆடி மாதம், மத்தியானம் ஓசூர் பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். சுடிதார் போட்டிருந்தாள். தலைமுடி கழுத்தளவுகூட இல்லை. கையில் ஒரே ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வந்துட்டேம்மா என்றாள். என் மனைவி போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஏன் என்று கேட்டேன். அங்கே யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை என்றும், தன்னால்தான் முடியவில்லை என்றும் சொன்னாள். எட்டு வருடத்துக்கு அந்த ஒரு வரிதான். நான் அதற்குமேல் கேட்டுத் துளைக்கவில்லை என்பதை வேண்டுமானால் என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம்.

களியும் கொள்ளுக் குழம்பும் இருந்தது. என் மனைவி எனக்கும் மகளுக்கும் போட்டுவிட்டு, அடுப்பங்கரையில் நின்றாள். நீயும் உட்காரும்மா என்று மகள் கூப்பிட்டாள். அப்பறம் சாப்பிடறேன் என்றாள் இவள். மகள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவது தட்டு இல்லை என்பதைக் கண்டுகொண்டாள்.

"என்னம்மா இது, ஒரு தட்டுக்கா பஞ்சம்? மேல எந் தட்டெல்லாம் கெடக்குதுல்ல."

ஏறி நிற்க வீட்டில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. அவள் பட்டுப்புழு ஷெட்டுக்குப் போய் ஏணியை எடுத்து வந்தாள். ஷெட் தோட்டத்துக் கோடியில் இருக்கிறது. போய் வர ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த ஐந்து நிமிடமும் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமலே இருந்தோம். அவள் திரும்பி வந்து ஏணியைச் சாய்த்தபோதாவது சொல்லியிருக்கலாம். கனமான சாக்கென்று நினைத்து அவள் இரண்டு கையாலும் பலமாக இழுத்தாள். அது எடையே இல்லாமல் அவள்மேல் வந்து விழுந்தது. தையல் பிரிந்து மட்டைகள் தரையில் உருண்டன.

அவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் முன்னால் பிரித்து வைத்தது, தீர்த்தம் தெளித்தது, எல்லாவற்றையும். சொல்லும்போது அதில் ஒரு புண்ணியமும் மிச்சமில்லாமல் போனது எனக்கே கேட்டது.

"வருசா வருசம் வார்த்தைப்பாடு புதுப்பிக்கறதுக்கு முந்தி பயமா இருக்கும்ப்பா" என்றாள் மகள். "அப்பல்லாம் இந்தப் பரணத்தான் நெனச்சுக்குவேன். எம் பேரு போட்டது அங்க அப்படியே இருக்குது, எப்ப வேணாலும் போலாம்னு. அந்தத் தைரியத்துலதான் ஒவ்வொரு வருசமும் சரின்னு சொன்னேன். நீங்க என்னடான்னா நான் திரும்பி வரவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

அப்படியில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூடிக்கொண்டேன். அவள் இறங்கி வந்து மட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். பிறகு தன் தட்டில் இருந்த களியை வழித்துச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தாள்.

எட்டு நாள் இருந்தாள். பாயில் ஓர் ஓரமாகப் படுப்பாள், எழுந்ததும் தன் துணியை மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொள்வாள். சொந்த வீட்டில் அவள் துணிக்கு ஒரு கொக்கிகூட இல்லை. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. உடுப்பைக் கழட்டிவிட்டு வந்தவள் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லும் தொனியே தனி. ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் மகளிடம், கொஞ்ச நாளைக்குப் பாலக்கோட்டுப் பூசைக்குப் போய் வாயேன் பாப்பா என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, சரிப்பா என்றாள். பாலக்கோட்டுக்கும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தாள். கட்டிலைக் கொடுத்தேன், டிவியைக் கொடுத்தேன், ஊர் என்னைப் பற்றி நினைப்பதை மட்டும் கொடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாமான் அதுதான் போலிருக்கிறது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், அங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொள்வதாகவும் மகள் சொன்னாள். அன்று, அவள் குளிக்கப் போன நேரத்தில், என் மனைவி என்னிடம் வந்தாள். பாத்திரங்கள் போன பிறகு அவளாக என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"கம்பைநல்லூருக்குப் போயி ஒரே ஒரு தட்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. அவ பேரு போட்டது ஒண்ணாவது இந்த வூட்டுல இருந்தா நிப்பா."

கொடுத்ததைப் போய்க் கேட்பதா என்று எனக்குக் கூசியது. கூசினாலும் மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். பாலக்கோடு, தர்மபுரி, கம்பைநல்லூர் என்று மூன்று பஸ். அந்தப் பெண்ணின் வீடு ஓட்டு வீடு, வாசலில் இரண்டு ஆடு. என்னைக் கண்டதும் வாங்க பெரியப்பா என்று ஓடிவந்தாள். எங்கள் ஜில்லாத் தண்ணீருக்கே உரிய கறைப் பல் தெரிய நிறையச் சிரித்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. வீட்டுக்குள் என் மனைவி விளக்கி விளக்கி வைத்த பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. குடத்தில் தண்ணீர், அண்டாவில் நெல். எல்லாம் புழக்கத்தில் அடிபட்டு, அங்கங்கே ஒடுங்கியிருந்தன. சாப்பிடாமல் போகக்கூடாது என்று தட்டு வைத்தாள். சாம்பார்ச் சோற்றை ஒதுக்க ஒதுக்க, நடுவில் என் மகள் பெயர் வந்தது.

கேட்டுவிட்டேன். மகள் திரும்பி வந்துவிட்டதையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு போய்விட்டது. மாமியார் ஆடுகளுக்குத் தழை ஒடிக்க வெளியே போயிருந்தார். இவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, நான் சாப்பிட்ட தட்டையே கழுவித் துடைத்து, ஒரு மஞ்சப் பையில் போட்டு, மேலே கொஞ்சம் நிலக்கடலையை அள்ளிப் போட்டு மறைத்தாள்.

"அத்தைக்குத் தெரிய வேணாங்க பெரியப்பா. நான் கொண்டாந்த சீருல கை வெச்சா சத்தம் போடுவாங்க. நீங்க கெளம்புங்க" என்றாள்.

நான் கிளம்பினேன். நின்று யோசித்திருந்தால் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். நிற்கவில்லை. ஊரறியக் கொடுத்ததை ஒளித்து எடுத்துக்கொண்டு, தெருவில் வேகமாக நடந்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் பஸ் இல்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் மகளுக்கு இதில் சோறு போடச் சொல்ல வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. என் மனைவி பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கம்பெனியிலிருந்து போன் வந்ததாம், நாளைக்கே வேலைக்குச் சேர வேண்டுமாம், மகள் இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அப்பா ஒரு வேலையாப் போயிருக்கறாரு, வந்துடுவாரு, பார்த்துட்டுப் போ என்று இவள் சொல்லியிருக்கிறாள். எதற்காகப் போயிருக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. தட்டில்லாமல் நான் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாளாம்.

நான் தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள். பிறகுதான் அழுதாள். எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை நான் பார்க்காத அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். வீட்டுக்கு வரவில்லை. கோயிலுக்குப் போகிறாளா என்று நாங்கள் கேட்பதில்லை. முதல் மாதமே என் மனைவி தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மகள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"திருப்பிக் குடுத்துடுங்கப்பா. அது அந்தப் புள்ளையோடது."

சரி பாப்பா என்றேன். ஆனால் அது ஆடியில். இப்போது மாசி வந்துவிட்டது. போன மாதம், தழை அறுக்க வந்த அம்மாள் பேச்சோடு பேச்சாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பைநல்லூரில் ஒரு தட்டு குறைகிறதாம். மாமியார் கேட்டுக் கேட்டுக் குடைகிறாராம். ஆத்தங்கரையில் விளக்கும்போது தொலைத்துவிட்டேன் என்று அவருடைய மகள் சொல்லி வைத்திருக்கிறாளாம், ஒரு தட்டை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவள் என்று நாள்தோறும் பேச்சு வாங்குகிறாளாம். என் மகள் சின்னதிலிருந்தே எதையும் தொலைக்க மாட்டாளேக்கா என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். என் மனைவி தழைக்கட்டைத் தூக்கிவிட்டாள். நான் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும், என் மனைவி ஏணி வைத்து ஏறி, பரண்மேல் சுற்றி வைத்திருக்கும் தட்டை இறக்கி, பேப்பரோடு மஞ்சப் பையில் வைத்து என் கையில் கொடுக்கிறாள். போயிட்டு வாங்க என்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். பாலக்கோடு பஸ் வருகிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், கண்டக்டர் என்னைப் பார்க்கிறார். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கட்டில், அலமாரி, டிவி எதையும் கொடுக்கும்போது எனக்கு ஒரு நிமிடம்கூடத் தயக்கம் வந்ததில்லை. இந்தத் தட்டைக் கொடுத்துவிட்டால் எங்கள் மகள் பெயர் போட்ட ஒரு பொருளும் வீட்டில் இருக்காது. ஒன்றையும் விட முடியாதவனின் வலி என்னவென்று இப்போது தெரிகிறது. அந்த வலியோடு கொடுப்பதுதான் கொடுப்பது என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன? பஸ் போய்விடுகிறது.

இன்றைக்கும் அப்படித்தான். பையோடு திரும்பி வந்தபோது சாமியார் ஒரு தம்பதியை அழைத்து வந்திருந்தார். அவர்கள் பாயில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு லேசாக இருக்கும் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். நான் பையை என் மனைவியிடம் கொடுத்தேன். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்பதில்லை, இன்றும் கேட்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போகும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் சத்தம் ஓய்ந்ததும் ஏணியைச் சாய்த்து நான் பிடித்துக்கொள்ள, அவள் ஏறித் தட்டைப் பரண்மேல் வைத்தாள்.